எண்ணைக் கண்டதும் பாயாதே, பேராண்டி!

ஏ பேராண்டி, அந்த செல்லைக் கீழ வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. கணக்குல 98 வாங்கிட்டியாம். உங்கம்மா பால் வாங்குற எடத்துலயும் சொல்லுது, ரேஷன் கடை வரிசையிலயும் சொல்லுது. சந்தோசம். அப்ப இந்தக் கெழவனுக்கும் ஒரு கணக்கு போட்டுக் குடு. அய்யனார் கோவில் ஆத்தோரமா ஒருத்தர் ஆடு மேய்க்கிறாரு. வனத்துறைக்காரங்க விடுவாங்களான்னு கேக்காத, கணக்குக்குள்ள யாரும் எங்கயும் மேய்க்கலாம். செம்மறி 26, வெள்ளாடு 10. மேய்க்கிறவருக்கு வயசு என்ன?

36-ன்னு சொல்ல வாயெடுத்தியே, நான் பாத்தேன். அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு முழுங்கிட்ட. முழுங்குனதுக்கு 2 மார்க்கு போட்டுக்கோ, நூறு ஆச்சு.

வெக்கப்படாத. பிரான்சு தேசத்துல கிரெனோபிள்னு ஒரு ஊரு. 1980 வாக்குல அங்க கணக்கு சொல்லிக்குடுக்குறவங்க சில பேரு சேந்து, சின்னப் பிள்ளைகளுக்கு இதே கணக்கைக் குடுத்தாங்க. அங்க ஆட்டைக் கப்பல்ல ஏத்திட்டு, கப்பல் தலைவனுக்கு வயசு என்னன்னு கேட்டாங்க. 97 பிள்ளைகள்ல 76 பேரு அந்த ரெண்டு எண்ணையும் போட்டு உருட்டி ஒரு வயசைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாங்க. அந்தப் பிள்ளைக படிச்சது பிரெஞ்சுல, வீட்டுல ஆத்தா பேசுற பாசையில. அதனால, 'தமிழ்ல படிச்சிருந்தா கிழிச்சிருப்பான்'னு டீக்கடையில பேசுறவங்க கொஞ்சம் பையப் பேசணும். 'இங்கிலீஷ் மீடியத்துல போட்டாச்சு, இனிமே மூளை தானா வளரும்'னு இருக்குற உங்கப்பன் இன்னும் பையப் பேசணும்.

ஆனா ஒண்ணு உண்டு. இங்கிலீஷ்ல வர்ற கணக்குக்கு இந்த வியாதி கூடுதலாப் பிடிக்கும். தெரியாத ஊருக் கல்யாணத்துல, தெரிஞ்ச ஒத்த மூஞ்சியக் கண்டவன் கடைசிவரைக்கும் அவன் கையையே பிடிச்சுக்கிட்டுத் திரிவான் பாரு, அப்படித்தான் நீ கேள்வித்தாள்ல எண்ணைக் கண்டதும் பாயுற. மத்த வார்த்தையெல்லாம் உனக்கு வேண்டாத ஒறவுமொற. 'ஆல்டுகெதர்'னு இருந்தா கூட்டு, 'லெஃப்ட்'னு இருந்தா கழி, 'ஈச்'னு இருந்தா பெருக்கு இல்லேன்னா வகு. இந்த மந்திரத்தைச் சொல்லிக்குடுக்கத்தான் டியூசனுக்கு மாசாமாசம் பணம் போகுது. 2012-க்கு அப்புறம் அரசுப் பள்ளிக்கூடத்துலயே இங்கிலீஷ் பிரிவு பரவலா வந்துருச்சு. ஃபீஸ் கட்டாமலே இங்கிலீஷ்ல முழிக்குற பாக்கியம் எல்லாருக்கும் கெடைச்சிருச்சு. நான் அதைக் குறை சொல்லலை. இங்கிலீஷ் வேணும்டா.

இப்ப உன் புஸ்தகத்துல இருந்தே ஒண்ணு. ரயிலு நீளம் 300 மீட்டரு. பிளாட்பாரம் 200 மீட்டரு. வேகம் மணிக்கு 36 கிலோமீட்டரு. பிளாட்பாரத்தைக் கடக்க எத்தனை செகண்டு? பொதிகை எக்ஸ்பிரஸ் நம்ம ஊருல நின்னு போற வண்டி, அதனால இதை நிக்காத கூட்ஸ் வண்டின்னு வச்சுக்கோ. 36 கிலோமீட்டருன்னா செகண்டுக்கு 10 மீட்டரு, அதைக் கரெக்டாப் போட்டுருவ, பாராட்டுறேன். அடுத்தாப்புல 200-ஐ 10-ஆல வகுத்து 20-ம்ப. உன் பக்கத்துப் பையன் 300-ஐ வகுத்து 30-ம்பான். ரெண்டு பேரும் நடுவுல ஒத்துக்கிட்டு 25-ன்னு எழுதுனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் சொல்ற வைத்தியம் இதுதான், செலவில்லாதது. கேள்வியைப் படிச்சதும் புஸ்தகத்தை மூடு. எண்ணே இல்லாம அந்தக் கதையை உங்க ஆச்சிகிட்டச் சொல்லு. 'ஆச்சி, ஒரு நீளமான ரயிலு, ஒரு பிளாட்பாரம். எஞ்சின் இந்த முனையில நுழையுது. கடைசிப் பொட்டி அந்த முனையைத் தாண்டுறவரைக்கும் எவ்வளவு நேரம்?' அப்படிச் சொல்லும்போதே உனக்கு வெளங்கிரும். எஞ்சின் அந்த முனைக்குப் போனப்ப வாலு இன்னும் பிளாட்பாரத்துல கெடக்கு, அதுவும் வெளியேறணும். அப்ப எஞ்சின் ஓட வேண்டியது 200-ம் 300-ம் சேத்து 500 மீட்டரு. 50 செகண்டு. ஆச்சிக்கு இங்கிலீஷும் வேண்டியதில்ல, இயற்கணிதமும் வேண்டியதில்ல. 'ம்' கொட்டத் தெரிஞ்சாப் போதும். கதை சொல்ல வரலைன்னா கேள்வி உனக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம். அதோட பேனாவைத் தொடாத.

சரி, எந்த ஊருலயோ குளத்துக்கு ரெண்டு குழாய் வச்சு ஒண்ணுல தண்ணிய விட்டு ஒண்ணுல வெளியேத்துற பைத்தியக்காரன் கணக்கை விடு. நம்ம ஊரு கணக்குக்கு வருவோம். 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த ஊரு நூலோடதான் எந்திரிக்குது, நூலோடதான் படுக்குது. சங்கு ஊதுனா ஷிப்டுன்னு தெரியும் உனக்கு. நூலுக்கு நம்பர் எப்படிப் போடுறாங்கன்னு தெரியுமா? 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர்னு சொல்றாங்கல்ல, இதுல எது தடிமன்?

80-ங்கிற. பாஞ்சிட்ட பாத்தியா.

840 கஜம் நூலு ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருதோ, அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர்னா ஒரு பவுண்டுல 40 சிட்டம். 80-ஆம் நம்பர்னா அதே ஒரு பவுண்டுல 80 சிட்டம் இழுத்திருக்காங்க. அதே பஞ்சை ரெண்டு பங்கு நீளத்துக்கு இழுத்தா நூலு மெலியுமா, தடிக்குமா? மெலியும். நம்பர் ஏற ஏற நூலு இளைக்கும்.

இப்பப் பெருக்கிப் பாரு. 40-ஐ 840-ஆல பெருக்குனா 33,600 கஜம். ஒரு கஜம் 91.44 சென்டிமீட்டரு. 30 கிலோமீட்டருக்கு மேல 700 மீட்டரு சொச்சம் வரும். இங்கன இருந்து ஸ்ரீவில்லிபுத்தூரு ஏறக்குறைய 12 கிலோமீட்டரு. ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சித்தக் கம்மியான நூலை எடுத்துக்கிட்டுப் போனா, ஆண்டாளைக் கும்பிட்டுட்டு நூலு விட்டுக்கிட்டே திரும்பி வந்து, மிச்சத்தை வச்சு நம்ம ஊருக்குள்ளயும் ஒரு சுத்துச் சுத்தலாம். இதை உன் புஸ்தகத்துல 'யூனிட் கன்வெர்சன்'னு போட்டு ஒரு பக்கம் கொட்டாவி விட வச்சிருக்கான்.

அசல் வம்பு இனிமேத்தான். 40-ஆம் நம்பர் ஒரு இழை, 60-ஆம் நம்பர் ஒரு இழை, ரெண்டையும் சேத்து முறுக்குனா வர்ற நூலு எத்தனாம் நம்பர்? முறுக்குல சுருங்குறதை விட்டுரு. கூட்டி 100-ம்பியா? ரெண்டு இழை சேந்தா தடிக்கத்தான செய்யும், நம்பர் எறங்கணுமே. அப்பச் சராசரி 50-ம்பியா? 40-ஆம் நம்பர் இழையோட இன்னொண்ணைச் சேத்து அதை மெலிய வைக்கிற வித்தை எந்த மில்லுலயும் கெடையாது. விடை 40-ஐ விடக் கம்மியாத்தான் இருக்கணும். ஒரு கோடும் போடாம இவ்வளவு தூரம் வந்துட்டோம் பாத்தியா. இப்பப் போடு: 120 சிட்டம் நீளம் எடுத்துக்கோ. 40-ஆம் நம்பர்ல அது 3 பவுண்டு. 60-ஆம் நம்பர்ல 2 பவுண்டு. சேத்து முறுக்குனா அதே 120 சிட்டம் நீளம், எடை 5 பவுண்டு. 120-ஐ 5-ஆல வகு. 24-ஆம் நம்பர்.

ஆளு ரெண்டு பேரு சேந்து வேலையை எத்தனை நாள்ல முடிப்பாங்கன்னு உன் புஸ்தகத்துல ஒரு கணக்கு இருக்கே, ஒருத்தன் 40 நாளு, இன்னொருத்தன் 60 நாளு? எடுத்துப் பாரு, அங்கயும் 24-தான் வரும். சட்டைதான் வேற. மில்லுல டிப்ளமா படிச்ச சூப்பர்வைசர் பையன் ஒருத்தன் இதைக் கால்குலேட்டர்ல தட்டுறதுக்குள்ள, பள்ளிக்கூடம் பாதியில நின்னு மில்லு மெசினைப் பாத்துக்கிடுற ஜாபர்மாரு நாக்கு நுனியில விடையை வச்சிருப்பாங்க. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுறவங்ககிட்டக் கேட்டுப் பாரு, நூல் நம்பரைத் தெரியாம எவனும் தறிகிட்டப் போக மாட்டான்.

அடுத்தது ஜியாமெட்ரி. அந்தப் பொட்டிய எடு. கவராயம் இருக்கு, பாகைமானி இருக்கு, அடியில ரெண்டு பத்து ரூவா நோட்டும் மடிச்சு வச்சிருக்க, அது எதுக்குன்னு நான் உங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். ஆண்டாள் கோவில் கோபுரம் 11 நிலை, 192 அடி உசரம்னு எல்லாரும் மனப்பாடமாச் சொல்றாங்க. நீ ஏறாம அளந்து காட்டு.

வழி உனக்குத் தெரியும், 'சிமிலர் ட்ரையாங்கிள்'. நெழலு நம்ம உசரத்துக்குச் சரியா வர்ற நேரத்துல, கோபுரத்து நெழலும் கோபுரத்து உசரம் இருக்கும். கிரேக்கத்துத் தேலீசு எகிப்து பிரமிடை இப்படித்தான் அளந்தாருன்னு 2,000 வருசத்துக்கு மேல சொல்லிக்கிட்டு வர்றாங்க. நீயும் டேப்பைத் தூக்கிக்கிட்டுப் போயி, கோபுரத்து வெளிச்சுவர்லேர்ந்து நெழலு நுனி வரைக்கும் அளந்து எழுதிட்டு வருவ. கம்மியா வரும். ஏன்? கோபுரம் கொடிக்கம்பம் இல்லியே, கீழ அகண்டு மேல ஒடுங்கி நிக்குது. உச்சிக்கு நேர் கீழ இருக்குற எடம் கட்டடத்துக்கு உள்ளாற இருக்கு. அங்கேருந்துதான் அளக்கணும். உள்ள டேப்பை விட முடியாதுன்னா, நெழலு விழுற திசையில அடித்தளத்தோட பாதியை அளந்து சேத்துக்கிடணும். புஸ்தகத்துல கோபுரம்னு போட்டு ஒரு ஒத்தைக் கோடு வரைஞ்சிருக்கான், அதுக்கு அடிவாரமே கெடையாது. அதனாலதான் நீ ஏமாறுவ. நெழலு பாதி வழியில கடைமேல ஏறிருச்சுன்னா வேற நேரத்துல வந்து, ஒரு குச்சியையும் அதோட நெழலையும் அளந்து விகிதத்துல போடு. பகல் முச்சூடும் சூரியன் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு, டியூசன் வாத்தியாரு மாதிரி ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகாது. (சாயங்காலம் சீக்கிரமா மலைக்குப் பின்னாடி போயிரும், அது வேற.)

மார்கழியில உங்கக்கா வாசல்ல கோலம் போடுறப்ப நீ போத்திக்கிட்டுத் தூங்குற. அது பாட்டுக்குக் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கு. '7 புள்ளி, இடைப்புள்ளி, 4-ல நிறுத்து'ன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கும். மொத்தம் எத்தனை புள்ளி? நடுவுல 7, மேல 6, 5, 4, கீழயும் 6, 5, 4. ஆக 37. ஒண்ணொண்ணா எண்ணவும் செய்யலாம், யாரும் வேண்டாங்கலை. ஆனா நடுப்புள்ளியிலேர்ந்து பாரு: நடுவுல 1, அதைச் சுத்தி 6, அதைச் சுத்தி 12, அதைச் சுத்தி 18. சுத்துக்கு ஆறாறா ஏறுது. இன்னொரு சுத்து வச்சா மொத்தம் எவ்வளவுன்னு உனக்கு இப்பத் தெரியும், எனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

நேர்ப்புள்ளியில 7, 5, 3, 1-ன்னு ரெண்டு பக்கமும் எறங்குனா 25 புள்ளி. இப்பத் தலையைச் சாச்சுப் பாரு, நெசமாவே சாச்சுப் பாரு, வெக்கம் எதுக்கு. சாய்வு வரிசையில 4, 3, 4, 3, 4, 3, 4-ன்னு தெரியுதா? நாலு நாலா நாலு வரிசை 16, மூணு மூணா மூணு வரிசை 9. ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் ஒளிஞ்சு கெடக்கு. தாம்பரம் மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியரு இருந்தாரு. அவரும் கூட வேலை பாத்தவங்களும் கோலத்தை வச்சு 1974-ல ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதுனாங்க, கம்ப்யூட்டருக்கு இலக்கணம் வகுக்குற வகையில. இங்கிலீஷ்லதான் எழுதுனாங்க. உங்கக்கா அதை அரிசிமாவுல எழுதுது. உனக்குத்தான் ரெண்டும் தெரியலை.

நம்ம பெரியவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. காரிநாயனாருன்னு ஒருத்தரு கணக்கதிகாரம்னு ஒரு புஸ்தகம் எழுதி வச்சிருக்காரு, செய்யுளாவே. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண அதுல வழி இருக்கு: காம்பைச் சுத்தி இருக்குற சின்ன முள்ளை எண்ணி, 6-ஆல பெருக்கி, 5-ஆல வகுக்கணும். சரியா வருமான்னு கேக்குறியா? அதைச் சரிபாக்க ஒரே வழி பழத்தை அறுத்துத் தின்னு பாக்குறதுதான். கணக்குல நம்பிக்கை வர்றவரைக்கும் பல பழம் தின்ன வேண்டியிருக்கும். இப்படி ஒரு வீட்டுப்பாடம் உன் பள்ளிக்கூடத்துல எவனாவது குடுத்தானா? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எண்சுவடியில முந்திரின்னு 320-ல ஒரு பங்கு வரைக்கும் ஒப்பிச்சாங்க. அடியும் வாங்குனாங்க; பழசெல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல வரலை.

சுவத்துல தொங்குற காலண்டரைப் பாரு. பக்கத்துல சிவகாசியில அச்சடிச்சு ஊரு ஊராப் போறது, நீ அதுல லீவு நாளை மட்டுந்தான் பாத்திருப்ப. மாசக் காலண்டர்ல குறுக்க 3, நெடுக்க 3-ஆ 9 தேதி இருக்குற கட்டம் ஒண்ணைப் பென்சிலால வளைச்சுக்கோ. எனக்கு நடு எண்ணை மட்டும் சொல்லு. 16-ஆ? மொத்தம் 144. நீ கூட்டி முடி, நான் வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கேன். வந்துச்சா? ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடி: இந்தப் பக்கம் ஒண்ணு கூடுனா அந்தப் பக்கம் ஒண்ணு குறையும், மேல ஏழு குறைஞ்சா கீழ ஏழு கூடும். சென்னையில பி.கே. சீனிவாசன்னு ஒரு கணக்கு வாத்தியாரு இருந்தாரு, காலண்டரை வச்சே பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் எழுதுனாரு. ராயபுரத்துல ராமானுஜனுக்கு ஒரு அருங்காட்சியகமும் வச்சாரு. வாத்தியாருன்னா அப்படி.

ராமானுஜன்னதும் உங்கம்மாவுக்கு ஒரு சேதி. கும்பகோணம் காலேஜுல அவரு உதவித்தொகையை எழந்தாரு. எதுலன்னு நெனைக்கிற? கணக்குல இல்ல, இங்கிலீஷ் பரீட்சையிலதான் கோட்டை விட்டாரு. அவரைப் பிடிச்சு ஆட்டுன கணக்குப் புஸ்தகம் கார்னு ஒரு வெள்ளைக்காரன் இங்கிலீஷ்ல எழுதுனது. 1913-ல இங்கிலாந்துக் கணக்கு மேதை ஹார்டிக்கு எழுதுன கடுதாசியும் இங்கிலீஷ்தான். வேணுங்கிற இங்கிலீஷ் கணக்குக்குப் பின்னாடியே வந்து சேந்துச்சு. அதனால தாயி, பிள்ளை சாப்பிடுறப்ப 'இங்கிலீஷ்ல சொல்லு'ன்னு உசுர எடுக்காத. 'கதையைச் சொல்லு'ன்னு கேளு. கேட்டுட்டு, 'அதெப்படி?'ன்னு ஒரு தரம் மடக்கு. விடை உனக்குத் தெரியணும்னு கட்டாயமில்ல. உனக்குத் தெரியாதுங்கிறது அவனுக்குத் தெரியாமப் பாத்துக்கோ, அவ்வளவுதான்.

பேராண்டி, நீ எங்க எந்திரிக்கிற? கடைசியா ஒண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க, தெரியுமில்ல. அங்க ஒரு பழைய கடைக்காரரு, அவருகிட்டத் தராசு இருக்கு, ஆனா எடைக்கல்லு நாலே நாலுதான். 1 கிலோவுலேர்ந்து 40 கிலோ வரைக்கும் முழுக் கிலோவுல நீ எதைக் கேட்டாலும் ஒரே நிறுவையில நிறுத்துக் குடுத்துருவாரு. கல்லை எந்தத் தட்டுல வேணும்னாலும் வைப்பாரு, பால்கோவா இருக்குற தட்டுலயும் வைப்பாரு. அந்த நாலு கல்லும் எத்தனை எத்தனை கிலோ?

நாளைக்கு வெள்ளன வந்து சொல்லு, அரைக் கிலோ உனக்கு. செல்லுல தேடி எடுத்துட்டு வந்தா அந்த அரைக் கிலோவை நானே தின்னுக்கிடுவேன். சுகர் இருக்குன்னு உங்கம்மா சத்தம் போட்டா, அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்.